நாக்கு என்னும் நீதிபதி

குழம்பில் உப்புச் சரியாக இருக்கிறதா என்று அறிய உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்ப்பது நமது வீடுகளின் பழைய வழக்கம். அதே வழக்கம் உணவுத் தொழிற்சாலைகளில் இன்று ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது என்றால் வாசகர்கள் வியப்படையலாம்.

கும்மிடிப்பூண்டியின் இரும்பாலைகளைக் கொண்ட திருவள்ளூர் ஜில்லாவில், காக்களூர் என்னும் இடத்தில் ஆவின் பால் பண்ணையும் இருக்கிறது. பாலில் கொழுப்பு எவ்வளவு, மற்றத் திடப்பொருள் எவ்வளவு என்று கணிக்க இத்தகைய பண்ணைகளில் யந்திரங்கள் உண்டு. ஆயினும், பால் வந்து இறங்கியதும் நடக்க வேண்டிய முதற் பரீட்சை மூக்கின் பரீட்சையே. பாத்திரத்தின் மூடியைத் திறந்தவுடன் முகர்ந்து பார்ப்பார்கள். புளிப்பு நெடியா, தொழுவத்தின் வாடையா என்பதைத் தேர்ந்த மூக்கு நொடியில் கண்டுகொள்ளும். சந்தேகம் தோன்றினால் சிறிது பாலைக் காய்ச்சி, திரிகிறதா என்று பார்ப்பார்கள்.

இது விளையாட்டுக் காரியமன்று. "கெட்டது" என்ற ஒரு வார்த்தையில் ஓர் ஏழைக் குடியானவரின் அன்றைய வரும்படி போய்விடும். "நல்லது" என்று தவறிச் சொல்லிவிட்டாலோ, ஒரு பாத்திரப் பால் ஒரு தொட்டிப் பாலையே கெடுத்துவிடும். ஆகவே, தீர்ப்புக் கூறும் புலன் பட்சபாதமற்றதாக இருத்தல் வேண்டும்.

அதற்கு வழி யாது? இங்கிலாந்தின் கணித நிபுணர் பிஷர் 1935-ஆம் வருஷத்து நூலொன்றில் ஒரு வழி காட்டினார். தேநீரில் பாலை முதலில் விட்டார்களா, பிறகு விட்டார்களா என்பதை ருசியிலேயே சொல்வதாக ஒரு சீமாட்டி கூறுகிறாள். அவளுடன் வாதாட வேண்டாம். இரு வகையிலும் நான்கு நான்காக எட்டுக் கோப்பைகளைக் கலந்து வைத்துப் பரீட்சிப்போம் என்றார் அவர்.

தொழிற்சாலைகளில் மூன்று கிண்ணங்கள் வைப்பதுண்டு. இரண்டில் ஒரே பண்டம், மூன்றாவதில் வேறு. கிண்ணங்களில் பெயர் இராது, எண் மட்டுமே இருக்கும். நிறம் ஏமாற்றாதிருக்கச் சிவப்பு விளக்கு எரியும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் ஆதலால், பலரைக் கேட்டுக் கணக்கிட்டே முடிவு செய்வார்கள். வித்தியாசம் காண்பது பழகிய நாக்கின் வேலை. பிடிக்கிறதா என்று சொல்வதோ சாதாரண ஜனங்களின் உரிமை. 1 முதல் 9 வரை அவர்கள் மதிப்பெண் இடுவார்கள். 1950-ல் மைசூரில் தோன்றிய மத்திய உணவு ஆராய்ச்சி நிலையத்தில் இச்சாஸ்திரத்திற்கு இடமளிக்கும் ஒரு துறையே இருக்கிறது.

நாக்கு பொய் சொல்வதில்லை. பெயரைக் கேட்ட மனம்தான் அதைப் பொய் சொல்ல வைக்கிறது என்பதே நாம் இதிலிருந்து அறியும் பாடம். மருமகள் போட்ட காபி மட்டம் என்று கூறும் மாமியார்மார், யார் போட்டது என்று அறியாமல் ஒருமுறை மூன்று டம்ளர்களை ருசித்துப் பார்க்கட்டும். தீர்ப்புக் கூறியது நாக்கா, மனமா என்பது அப்போது வெளியாகிவிடும். குடியானவருக்குக் கிடைக்க வேண்டிய நீதி நமது வீட்டு மருமகளுக்கும் கிடைக்க வேண்டாமா?