இரவல் பெயரில் ஓடும் சக்கரங்கள்

பிரான்ஸ் நாட்டின் 'அர்கேயா - பி அண்ட் பி ஹோட்டல்ஸ்' என்னும் தொழில்முறை சைக்கிள் அணி 2025-ஆம் ஆண்டின் முடிவோடு கலைந்தது. அவ்வாண்டு ஜூலையில்தான் அதன் இளம் வீரர் கெவின் வோக்லான் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஏழாம் இடம் பெற்றிருந்தார். அணி தோற்றதால் கலையவில்லை. பெயரும் பணமும் தந்த வங்கியும் விடுதி நிறுவனமும் விலகின. அவற்றின் இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. வீரர்களும் பழுதுநீக்குவோரும் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று.

இந்த நிலையின் வேரைத் தேடினால் ரஃபாயெல் ஜெமினியானியிடம் சென்று சேர்கிறோம். 2024 ஜூலையில் தமது 99-ஆவது வயதில் மறைந்த அவர், 1925-இல் கிளேர்மோன் ஃபெரான் நகரில் இத்தாலியக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தவர். 1951 டூர் பந்தயத்தில் இரண்டாம் இடம் பெற்றார். 1955-இல் இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் ஆகிய மூன்று நாடுகளின் பெரும் பந்தயங்களிலும் முதல் பத்து இடங்களுக்குள் வந்தார். ஆயினும், பொருளியல் ஆசிரியனான எனக்கு அவர் முக்கியமானவராகத் தோன்றுவது வேறொரு காரணத்தால்.

அந்நாளில் வீரர்களுக்கு ஊதியம் கொடுத்தவர்கள் சைக்கிள் உற்பத்தியாளர்கள். போருக்குப் பின் சிறிய கார்களும் மோட்டார் பொருத்திய சைக்கிள்களும் பெருகின. சைக்கிள் விற்பனை சரிந்தது. ஊதியம் தருவோரின் கை வறண்டது. 1954-இல் இத்தாலிய வீரர் ஃபியோரென்சோ மாக்னி, நிவியா முகப்பூச்சு நிறுவனத்தின் ஆதரவைப் பெற்றார். அடுத்து ஜெமினியானி, 'சான் ரஃபாயெல்' என்னும் மதுபான நிறுவனத்தை அணுகினார். அவருடைய முதற்பெயரும் அந்த மதுவின் பெயரும் ஒத்திருந்தது வசதியாயிற்று.

உற்பத்தியாளர்களும் பந்தய அமைப்பாளர்களும் இதை எதிர்த்தனர். அமைப்பாளர்களின் எதிர்ப்பில் கொள்கையைவிடக் கணக்கே மிகுதி என்பது என் கருத்து. 1930 முதல் டூர் பந்தயத்தில் தேசிய அணிகளே ஓடின. பந்தயத்துக்கு முன்னால் செல்லும் விளம்பர ஊர்திகளின் அணிவகுப்பு அமைப்பாளர்களுக்கு வருவாய் தந்தது. வீரரின் சட்டையே விளம்பரப் பலகையானால், அந்தப் பணம் வேறு கைக்குப் போகும். எனினும் 1962-இல் அவர்கள் இறங்கிவந்தனர். நிறுவன அணிகள் டூர் பந்தயத்துக்குத் திரும்பின.

ஜெமினியானி வென்றார் என்பதில் ஐயமில்லை. வீரர்களின் பிழைப்பை அவர் காப்பாற்றினார். ஆனால், அவர் மேலாளராக இருந்து ஜாக் அன்க்தீலை வழிநடத்திய அணியின் கதையைப் பாருங்கள். 1964 வரை அதன் சட்டையில் மதுவின் பெயர், 1965-இல் ஃபோர்டு, 1967-இல் பிக் பேனா. அதே மேலாளர், அதே நட்சத்திர வீரர். பெயர் மட்டும் மூன்று. சைக்கிள் தொழிலை நலிவடையச் செய்த மோட்டார் வாகனமே சைக்கிள் அணிக்குப் படியளந்தது!

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வகுப்பறையில் 'விலக்க இயலாப் பண்டம்' என்னும் கருத்தை விளக்க நான் இப்பந்தயத்தை எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு. மலைச்சாலையின் ஓரத்தில் நிற்பவரிடம் நுழைவுக்கட்டணம் வசூலிக்க முடியாது. கால்பந்து அணிக்கு அரங்கம் உண்டு, சீட்டு வருவாய் உண்டு, ஒளிபரப்பில் பங்கும் உண்டு. சைக்கிள் அணிக்கு அரங்கமும் இல்லை, சீட்டும் இல்லை. டூர் பந்தயத்தின் ஒளிபரப்பு உரிமையோ, அதை நடத்தும் அமோரி குழுமத்திடம் இருக்கிறது. ஓடுகிறவர் ஒருவர், காட்சியை விற்கிறவர் வேறொருவர். அணியிடம் விற்பதற்கு எஞ்சியிருப்பது தன் பெயர் ஒன்றே.

அந்தப் பெயரை இன்று யார் வாங்குகிறார்கள்? 2020, 2021, 2024, 2025 ஆகிய நான்கு டூர் பந்தயங்களையும் ததேய் பொகாச்சர் வென்றது ஐக்கிய அரபு அமீரகத்தின் பெயர் தாங்கிய அணிக்காக. பஹ்ரைன் நாட்டின் பெயரிலும் ஓர் அணி உண்டு. நாடே புரவலராக நிற்கும்போது, விற்பனைக் கணக்கைப் பார்த்துச் செலவிடும் நடுத்தர வங்கியால் நெடுநாள் போட்டியிட முடியாது.

ஒளிபரப்பு வருவாயைப் பகிர்ந்துகொள்வது முழுத் தீர்வாகாது. சிறு பந்தயங்கள் பலவற்றுக்கு அத்தகைய வருவாயே கிடையாது. ஆனாலும், பெரும் பந்தயங்களின் வருவாயில் ஒரு பங்கு ஆண்டுதோறும் அணிகளுக்கு உறுதியாகக் கிடைத்தால், புரவலர் ஒருவர் விலகும்போது அடுத்தவரைத் தேட ஓராண்டு அவகாசமாவது இருக்கும். அந்த அவகாசம் இல்லாததால்தான் ஏழாம் இடம் பெற்ற வீரரின் அணியும் கலைகிறது.

ஜெமினியானி வீரர்களுக்கு ஒரு புதிய கதவைத் திறந்துவிட்டார். அந்தக் கதவின் சாவி மட்டும் எழுபது ஆண்டுகளாகியும் வீரர்களின் கைக்கு வரவில்லை.