தள்ளிய கையும் தப்பிய கையும்

அமெரிக்காவின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் டிமென்ஷியா என்னும் அறிவுத்தேய்வு நோயாளி ஒருவர், அதே நோயுள்ள மற்றொருவரைத் தள்ளிவிட்டால், ‘முரட்டுக் குணத்தால் தாக்கினார்’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது எளிது. அந்த எளிமையைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இஃது அரிதாக நிகழும் விபத்தன்று. நியூயார்க் மாநிலத்தில் 10 இல்லங்களின் 2,011 முதியோரைக் கார்னெல் பல்கலைக்கழக அறிஞர்கள் ஆராய்ந்தனர். நான்கே வாரங்களில் ஐவரில் ஒருவர் சக முதியவருடனான மோதலில் சிக்கியிருந்தார் என 2016-இல் வெளியிட்டனர். வசைச்சொல் முதல் அடிதடி வரை எல்லாம் இதில் அடக்கம். ஆஸ்திரேலியாவிலோ, 2000 முதல் 2013 வரை இவ்வாறு நேர்ந்த 28 மரணங்களை மோனாஷ் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். தொடர்புடையோரில் மிகப் பெரும்பாலோர் டிமென்ஷியா நோயாளிகள். தள்ளப்பட்டு விழுந்ததே மரணத்திற்குப் பெரிதும் வழியாயிற்று.

தள்ளியவரின் நிலையில் நின்று பாருங்கள். நள்ளிரவில் எவரோ அறைக்குள் நுழைகிறார், அலமாரியைத் திறக்கிறார், அவருடைய கட்டிலிலேயே படுக்கிறார். வழிதவறி வந்த பாட்டி என்று அவருக்கு விளங்காது. வீட்டில் திருடன் புகுந்தால் நாம் செய்வதைத்தான் அவரும் செய்கிறார். ஓயாத தொலைக்காட்சி இரைச்சல், நெரிசலான உணவுக்கூடம், சொல்லத் தெரியாத வலி, மாலை மங்கும் வேளையில் கூடும் பதற்றம் இவையெல்லாம் பொறிகள். அவரை அறிந்த ஓர் ஊழியர் அருகிருந்தால் பொறி தீயாகுமுன் கைப்பிடித்து அழைத்துச் சென்றிருப்பார்.

அறிவும் முழுச் சம்மதமும் இல்லாத செயலுக்குக் குற்றம் சாற்றலாகாது என்பது அறநெறி இறையியலின் அரிச்சுவடி. ஆனால் பொறுப்பு காற்றில் கரைந்துவிடுமா? அறிவோடும் சம்மதத்தோடும் ஆள்குறைத்தவரிடம் அது போய்ச் சேர்கிறது.

மருந்து கொடுத்து அடக்கலாமே என்பர். மனநோய்க்கான அம்மருந்துகள் டிமென்ஷியா முதியோரின் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2005-லேயே கடுமையாக எச்சரித்தது. ஊழியரின் வசதிக்காக ஒருவரை மருந்தால் கட்டிப்போடுவதை 1987-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. வேறு இல்லத்துக்கு அனுப்புவதோ, புதிய இடத்தில் அவர் குழப்பத்தைப் பெருக்குவதேயாம்.

ஒவ்வொரு முதியவருக்கும் நாளொன்றுக்கு 3.48 மணி நேரப் பராமரிப்பேனும் வேண்டும் என்று மத்திய அரசு 2024-இல் விதித்தது. அதுவும் பெரிதன்று! ஆள் கிடைக்கவில்லை, செலவு தாங்காது என்று இல்லங்களின் சங்கங்கள் வழக்காடின. 2025-இல் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. ஆள் பற்றாக்குறை மெய்தான். எனில், கவனிக்க ஆளில்லாத கட்டில்களுக்கு மட்டும் முதியோரைச் சேர்த்துக்கொண்டே போவது எவ்வாறு நியாயமாகும்?

இல்லங்கள் அரசுக்கு அனுப்பும் மதிப்பீட்டுப் படிவத்தில், ‘பிறரை’ அடித்தல், தள்ளுதல் பற்றிய கேள்வி உண்டு. அந்தப் பிறர் ஊழியரா, சக முதியவரா என்று அது பிரித்துக் கேட்பதில்லை. கேட்காததை எண்ணுவது எங்ஙனம்?

பெற்றோரை அங்கே சேர்க்கச் செல்லும் பிள்ளைகள் தோட்டத்தையும் தரைவிரிப்பையும் கண்டு மகிழ்ந்தது போதும். மாலை 5 மணிக்கு இக்கூடத்தில் எத்தனை ஊழியர் இருப்பர், இரவில் என் தாயின் அறைக்குள் ஒருவர் நுழைந்தால் எவர் வருவார் என்று கேட்கட்டும். விடையை எழுத்தில் பெறட்டும்.