புகையைப் பாட்டிலில் பிடிப்போமா?

தலைப்பைப் பார்த்ததும், "இவன் என்னடா, பீடிப் புகையைப் பத்தி எழுதறானா?"ன்னு சிரிக்காதீங்க. நான் சொல்வது அடுப்புப் புகை. விறகடுப்பில் காய்ச்சிய பாலில் ஒரு மணம் வருமே, அந்தப் புகை!

அந்த மணத்தை அடுப்பே இல்லாமல் திரவத்தில் ஏற்றுவது இன்று பெரிய தொழில். அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் எர்னஸ்ட் ரைட் என்பவர் 1895-லேயே விறகுப் புகையைக் குளிரவைத்து, நீராக்கி விற்றார். எல்லாம் நம்ம லேப் கண்டென்சர் தத்துவம்தான்! மரத்திலுள்ள லிக்னின் சூட்டில் உடையும்போது குவாயக்கால், சிரிங்கால் போன்ற பீனால்கள் பிறக்கின்றன. புகை மணத்துக்கு முக்கியக் காரணம் இவைதான்.

ஆனால் அதே புகையில் பென்சோபைரீன் என்ற புற்றுநோய்ப் பொருளும் வருகிறது. நெருப்பின் சூடு ஏற ஏற அதுவும் கூடும். 2018-ல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் புகையை ஜியோலைட் வடிகட்டி வழியே அனுப்பி, இந்த நஞ்சை 93 சதவீதம் வரை குறைத்துக் காட்டினார்கள். வடிகட்டிய புகையை எதில் ஏற்றினார்கள் தெரியுமா? தண்ணீரிலும், நம்ம தேங்காய் எண்ணெயிலும்!

சென்ற ஆண்டு ஹாஸ்டலில் நாங்களும் முயன்றோம். பழைய எண்ணெய் டின்னில் கொட்டாங்குச்சியைப் புகையவிட்டு, மீன்தொட்டி மோட்டாரால் காற்றை ஊதி, புகையைக் குழாய் வழியாக மோருக்குள் குமிழிவிட்டோம். மணம் அபாரம்! ஆனால் மேலே பழுப்பாக ஓர் ஆடை மிதந்தது. "குடிடா மச்சி, இயற்கைதானே!" என்றான் நண்பன். நான் குடிக்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று அளந்து சொல்ல எங்களிடம் கருவி இல்லை.

இயற்கைப் புகை என்றால் நல்லது, பாட்டில் புகை என்றால் கெமிக்கல் என்று பலர் பேசுகிறார்கள். இரண்டும் தவறு. நெருப்புக்கு அந்தப் பேதம் தெரியாது. ஐரோப்பிய யூனியன் 2024-ல் எட்டுப் புகைச் சுவையூட்டிகளுக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. மரபணுவுக்குக் கெடுதல் செய்யுமோ என்ற சந்தேகம் தீரவில்லை என்பதே காரணம். செய்து காட்டினால் மட்டும் போதாது. கெடுதல் இல்லை என்று நிரூபிக்கவும் வேண்டும். அதுதான் பாடம்.

நம்மில் எத்தனை பேர் காசு கொடுத்து ரெடிமேட் புராஜெக்ட் வாங்கி மார்க் வாங்குகிறோம்? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்! அதற்குப் பதில் மெக்கானிக்கல் நண்பர்கள் புகை அறை செய்யட்டும், இன்ஸ்ட்ருமென்டேஷன் நண்பர்கள் சூட்டைக் கட்டுப்படுத்தட்டும், வடிகட்டியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மாதிரியை வசதியுள்ள பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி அளப்போம். ரிசல்ட் மோசமாக வந்தாலும் அதை அப்படியே ரெக்கார்டில் எழுதுவோம்.

அளக்காமல் ஒருவருக்கும் குடிக்கக் கொடுக்காதவன்தான் டெக்னீஷியன். என்ன நண்பர்களே, கை கோர்ப்போமா?

— மூன்றாம் ஆண்டு, வேதிப் பொறியியல்