ஒரு முறை கொடுத்த கூலி

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் நெடுஞ்சாலையில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே அமைந்த எங்கள் குள்ளஞ்சாவடியில், பஸ்ஸுக்குக் காத்திருப்போரும் நெய்வேலிக்கு ஷிப்டு வேலைக்குப் புறப்பட்டோரும் தேநீர் அருந்திக்கொண்டே நாட்டு நடப்பை விசாரிக்கும் கடைகளில், பாட்டுக்கும் பணத்துக்கும் சம்பந்தப்பட்ட விவகாரம் எது வந்தாலும் ஒரே ஒரு தீர்ப்புத்தான் வழங்கப்படுகிறது. “வீட்டைக் கட்டின கொத்தனாரு கூலி வாங்கினப்புறம் மாசாமாசம் வாடகை கேக்கலாமா?” என்பதே அந்தத் தீர்ப்பு. 2017-ஆம் ஆண்டில், தம் அனுமதியின்றித் தம் பாடல்களை மேடையில் பாடலாகாது என்று எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கும் சித்ராவுக்கும் இளையராஜா வக்கீல் நோட்டீசு அனுப்பியபோது அதைக் கேட்டேன். 2024-இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படத்தில் ‘குணா’ படத்துப் பாட்டை எடுத்தாண்டது பற்றி அவர் ஆட்சேபம் எழுப்பியபோதும், ஒரு சொல்லும் மாறாமல் அதே தீர்ப்பைக் கேட்டேன். அந்த விவகாரங்களில் எழுதிக் கொடுத்த ஒப்பந்தங்கள் என்ன சொல்லுகின்றன என்பதை நீதிமன்றங்கள் ஆராயட்டும். நான் ஆராய விரும்புவது இந்தக் கொத்தனார் உவமானத்தை மட்டுமே.

இதைச் சொல்பவர்கள் கெட்ட மனிதர்களல்லர். உழைத்தவனுக்கு வியர்வை உலர்வதற்குள் கூலி சேரவேண்டும் என்று நினைப்பவர்கள். கூலி கொடுத்தாயிற்றென்றால் கணக்குத் தீர்ந்தது என்பது வயற்காட்டிலும் கட்டடத்திலும் அவர்கள் பழகிய நியாயம். ஆயினும் அந்த நியாயத்தை அப்படியே பாட்டின்மீது ஏற்றும்போது, பெரியதோர் அநியாயத்துக்குத் தம்மையறியாமலே சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கொத்தனார் கட்டிய வீடு ஒன்றே. அதில் ஒரு குடும்பம் குடியிருக்கும்பொழுது வேறொரு குடும்பம் குடியிருக்க முடியாது. இன்னொரு வீடு வேண்டுமென்றால் கொத்தனாரை மறுபடியும் அழைத்தாகவேண்டும், மறுபடியும் கூலி கொடுத்தாகவேண்டும். பக்கத்துக் குறிஞ்சிப்பாடியில் நெசவாளர் தறியில் நெய்து இறக்கும் கைலியும் அத்தகையதே: ஒருவர் இடுப்பிலிருக்கும் கைலி அதே சமயத்தில் மற்றொருவர் இடுப்பில் இருக்க இயலாது. ஒரு பொத்தானை அமுக்கிய மாத்திரத்தில் கொத்தனார் கட்டிய அந்த ஒரே வீடு குள்ளஞ்சாவடியிலும் கோலாலம்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் ஒருங்கே எழுந்து நின்று, நின்ற இடமெல்லாம் யாரோ ஒருவருக்கு நாள்தோறும் வாடகை ஈட்டிக் கொடுக்குமானால், கட்டியவனுக்கு அந்த வாடகையில் ஒரு பங்கு உண்டா இல்லையா என்ற கேள்வி அப்போதே பிறந்திருக்கும். அதைக் கேட்கும் முதல் மனிதர் கொத்தனாராகவே இருந்திருப்பார். பாட்டின் சுபாவம் இதுவே. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பவர்கள், நிறுக்கப்படும் பொருள் இன்னதென்று பாராமலே எடையைச் சொல்லிவிடுகிறார்கள்.

பாட்டுக்கு இந்தச் சுபாவம் எக்காலத்திலும் இருந்ததன்று. நாகசுர வித்வானும் தவில் வித்வானும் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் சன்மானம் பெற்று ஜீவித்த காலத்தில், ஊதினால்தான் நாதம், வாசித்தால்தான் வாத்தியம். ஆகையால் ஒவ்வொரு தடவையும் கூலி என்ற ஏற்பாடு இயற்கையாகவே நேர்மையாக இருந்தது. 1902-ஆம் வருஷம் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைக் கிராமபோன் கம்பெனியார் பதிவு செய்த நாள்முதல் அந்த ஏற்பாட்டின் ஒரு பக்கம் மட்டும் அறுந்துபோயிற்று. கூலி ஒரு தடவை என்றாயிற்று. கேட்பதோ எண்ணிறந்த தடவை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் காலமானார். அவருடைய தோடி இன்றைக்கும் எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் ஒரு சிறு பென் டிரைவிலிருந்து பெருகி வருகிறது. அது பெருகி வரும் மண்டபங்களில், முன்னொரு காலத்தில் நாற்காலி போட்டு உட்காரவைக்கப்பட்ட உயிருள்ள மேளக்காரருக்கு இப்போது அழைப்பே இல்லை. இறந்த மகாவித்வானுக்கும் அதனால் ஒன்றுமில்லை, இருக்கிற எளிய வித்வானுக்கும் ஒன்றுமில்லை. நடுவே பதிவை வைத்திருப்பவருக்கும் யந்திரத்தை வைத்திருப்பவருக்கும் மாத்திரம் வருமானம் நிற்பதில்லை. இதைக் கண்ணாரக் கண்ட பிறகும் கொத்தனார் கதையைச் சொல்ல நமக்கு எப்படி மனம் வருகிறது?

நிற்க. ‘ராயல்டி’ என்ற சொல்லைக் கேட்டதும் பேராசைக்காரர்களின் பாஷை என்று முகஞ்சுளிப்பவர்களை நெய்வேலிப் பக்கத்திலேயே நான் காண்கிறேன். இது எனக்குப் பெரிய ஆச்சரியம். பழுப்பு நிலக்கரியை டன் டன்னாக வெட்டியெடுக்க, எடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் அரசாங்கத்துக்கு ராயல்டி செலுத்தப்படுவது இங்கே பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. “சுரங்கத்தை ஒரு தடவை குத்தகைக்கு விட்டாயிற்றே, பிறகு டன்னுக்கு டன் என்ன கேள்வி?” என்று எந்தத் தேநீர்க் கடையிலும் எவரும் கேட்டதில்லை. எடுக்க எடுக்கக் கொடுக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் விளங்கியிருக்கிறது. அந்த ராயல்டியை விதிக்கும் கனிமச் சட்டமும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது ஒரே 1957-ஆம் ஆண்டில். பூமிக்கடியில் தானாய்க் கிடந்த பொருளுக்கு நாம் ஒப்புக்கொள்கிற நியாயத்தை, ஒரு மனிதன் தன் மூளையிலிருந்து தோண்டியெடுத்துத் தந்த பொருளுக்கு ஒப்புக்கொள்ள மறுக்கிறோம்.

சட்டமும் நெடுங்காலம் கொத்தனார் பக்கத்து நியாயத்தையே பேசிற்று என்பதை மறைக்கவேண்டியதில்லை. 1977-இல் உச்ச நீதிமன்றம், இந்தியப் பாடல் நிகழ்த்துரிமைச் சங்கத்துக்கும் கிழக்கிந்தியத் திரைப்பட அமைப்புக்கும் நடந்த வழக்கில், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிடில், காசு கொடுத்துப் பாட்டுச் செய்வித்த படத் தயாரிப்பாளரே அதன் முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கிலேயே நீதிபதி கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பெழுதி, குரலால் பாட்டுக்கு உயிர் கொடுக்கும் பாடகருக்கு இச்சட்டத்தில் இடமே இல்லாததை எடுத்துக்காட்டி, நாடாளுமன்றம் அதைக் கவனிக்கவேண்டும் என்றார். நாடாளுமன்றம் கவனிக்கப் பதினேழு வருஷம் ஆயிற்று: 1994-இல்தான் நிகழ்த்துகிறவர்களுக்கு உரிமை பிறந்தது. 2012-இல், கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் மன்றாடிப் பேசிய பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின் வழியாக, திரையரங்கில் படத்தோடு சேர்த்துக் காட்டுவது நீங்கலாக மற்ற வழிகளில் பாட்டினால் வரும் ராயல்டியில் பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சமபங்கு உண்டு என்றும், வாரிசுகளுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறெவருக்கும் அந்தப் பங்கை அவர்கள் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்றும் விதிக்கப்பட்டது. பசித்தவன் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவான் என்பதை அறிந்து எழுதப்பட்ட விதி அது.

இனி, தேநீர்க் கடையில் இரண்டாவதாக வரும் வாதத்துக்கு வருகிறேன். முதல் வாதத்தைவிட இது கௌரவமானது. “பாரதியார் பாட்டை நாட்டுடைமை ஆக்கினார்களே, எல்லாப் பாட்டும் அப்படி ஜனங்களுடையதாக இருந்தாலென்ன?” என்கிறார்கள். இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்லவேண்டும். ஏனெனில் அந்தச் சரித்திரத்தின் கடைசி அத்தியாயத்தோடு எங்கள் பக்கத்துக்கு ஓர் உறவு உண்டு.

பாரதி 1921-இல் மறைந்தார். அவருடைய பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை, குடும்பத்தின் வறுமையாலும் காலத்தின் அறியாமையாலும் வணிகர் கைக்குப் போய், அவர்களிடமிருந்து விலைக்கு வாங்கிய ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1947-இல் அவருடைய ‘நாம் இருவர்’ படத்தில் டி. கே. பட்டம்மாள் குரலில் பாரதி பாடல்கள் தமிழ்நாடெங்கும் முழங்கின. அடுத்த ஆண்டு டி. கே. எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டொன்றைச் சேர்த்தபோது உரிமைப் பிரச்சினை எழுந்தது. சுதந்தரம் வருமுன்னே சுதந்தரம் வந்ததாகப் பாடியவனின் பாட்டை, சுதந்தர நாட்டில் பாட ஒருவரிடம் அனுமதி கேட்கவேண்டுமா என்று எழுத்தாளர்கள் கொதித்தெழுந்தார்கள். வ. ரா., நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம் போன்றவர்கள் ஊர் ஊராகச் சென்று உழைத்தார்கள். 1949-இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதன்மந்திரியாக இருந்தபோது, சென்னை அரசாங்கம் உரிமையைப் பெற்றுக்கொள்ள முடிவு செய்தது. மெய்யப்பச் செட்டியார் தம் ஒலிப்பதிவு உரிமையைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். பாரதியின் மனைவி செல்லம்மாளுக்கும் இரண்டு பெண்களுக்கும் தலைக்கு 5,000 ரூபாயும், பாரதியின் தம்பி விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும் கொடுக்கப்பட்டன.

இதை ஊன்றிப் பாருங்கள். நாட்டுடைமை என்ற சொல்லை நம் ஜனங்கள் ‘இலவசம்’ என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். அரசாங்கமோ வாரிசுகளுக்குப் பணம் கொடுத்தே வாங்கிற்று. கவிஞன் பாட்டுக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகே அதைப் பொதுவாக்கிற்று. மேலும், அப்போது பாட்டு விடுவிக்கப்பட்டது அதைப் பாடிய கவிஞனிடமிருந்தன்று. பாட்டை ஆக்காத கைகளில் அது சரக்காகச் சிக்கியிருந்த நிலையிலிருந்துதான். உயிரோடிருந்தபோது பாரதிக்கு முறையாக ராயல்டி வந்திருந்தால், அவன் மனைவி அண்டை வீட்டில் அரிசி கடன் கேட்டிருக்க நேர்ந்திராது. பாரதியைச் சாட்சிக்கு அழைப்பவர்களுக்கு எதிராகவே அவன் சாட்சி சொல்வான். எங்கள் பக்கத்து உறவு என்று நான் சொன்னது இதுதான்: பதவியை விட்டு நீங்கிய பிறகு ஓமந்தூரார் வந்து தங்கியது எங்களுக்கு அருகிலுள்ள வடலூரில். வள்ளற்பெருமான் 1872-இல் சத்திய ஞான சபை கண்ட அந்த மண்ணில், சன்மார்க்கப் பணியே தம் பணியாகக் கொண்டு, 1970-இல் அங்கேயே அவர் முடிந்தார். தைப்பூசத்தன்று அருட்பா பாடிக்கொண்டு போகும் கூட்டத்தில் யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை; கேட்கவேண்டியதுமில்லை. பொதுச் சொத்து இன்னது, உழைத்தவன் சொத்து இன்னது என்ற பேதம் அம்மண்ணில் நன்றாக விளங்கும்.

அந்தப் பேதத்தை இன்றைய கம்பெனிகளும் அவற்றின் யந்திரங்களும் குழப்புகின்றன என்பது மெய்யே. தியாகராஜர் 1847-இல் சித்தியடைந்தவர். அவர் கீர்த்தனத்தை ஓர் இளம் வித்வாம்சினி தன் வீட்டிலிருந்து நேரலையில் பாடினால், எங்கோ உள்ள கணினி அதை ஒரு கம்பெனியின் பழைய பதிவோடு ஒப்பிட்டுத் தவறாக அடையாளங்கண்டு, குரலை அடைத்துவிடுகிறது. இது கொடுமை, உரிமை என்ற பெயரில் நடக்கும் ஆக்கிரமிப்பு. ஆனால் இந்தக் கொடுமைக்குப் பரிகாரம் உரிமையை ஒழிப்பதாகாது. ஆக்கியவனுக்கும் வைத்திருப்பவனுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சட்டமும் யந்திரமும் அறியச் செய்வதே. கல்யாண ஊர்வலத்தில் பாட்டுப் போட்டால்கூட வழக்கு வரும் என்ற பீதியைக் கிளப்பி உரிமையையே வெறுக்கச் செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும்: கோயில் சடங்குக்கும் கல்யாண வைபவத்துக்கும் சட்டத்தின் 52-ஆம் பிரிவே விலக்குக் கொடுத்திருக்கிறது.

யந்திரம் இப்போது இன்னொரு படி ஏறியிருக்கிறது. 2024-இல் ‘லால் சலாம்’ படத்துக்காக, மறைந்த ஷாகுல் ஹமீது, பம்பா பாக்கியா ஆகிய இருவர் குரல்களையும் செயற்கை நுண்ணறிவால் ஏ. ஆர். ரகுமான் மீட்டெடுத்தபோது, குடும்பத்தாரின் அனுமதி பெற்று, சன்மானமும் அனுப்பியதாகத் தெரிவித்தார். அதே ஆண்டில், ஒரு தெலுங்குப் படத்தில் தம் தந்தையின் குரலைக் கேளாமலே செய்துகொண்டதாக எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் மகன் நோட்டீசு அனுப்ப நேர்ந்தது. கொத்தனார் நியாயப்படி பார்த்தால் ரகுமான் செய்தது வீண் செலவு, மற்றவர் செய்ததே சரி. அந்த நியாயத்தைச் சொல்பவர்களில் ஒருவராவது தம் தகப்பனார் குரலை யாரோ கேளாமல் எடுத்துப் பேசவைப்பதற்குச் சம்மதிப்பாரா?

பெரிய பெயர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டேன். என் மனம் கிடப்பது திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய ஆடும் தெருக்கூத்து ஜமாவினிடத்திலே. பதினெட்டாம் போர் நடக்கும் இரவில் திடலின் முன்வரிசையில் இப்போது குழந்தைகள் இல்லை. முக்காலிகளில் கைப்பேசிகள் நிற்கின்றன. விடிந்து, துரியோதனன் கிரீடத்தைக் கழற்றி, கட்டியங்காரன் தேங்காயெண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்து, முகவீணைக்காரர் சீவாளியைப் பையில் போட்டு, வாத்தியார் அன்றிரவுச் சம்பளத்தைப் பங்கு வைத்துக்கொண்டிருக்கும் வேளையில், எட்டு மணி நேரக் கூத்தும் யூடியூபில் ஏறிவிடுகிறது. விளம்பர வருமானம் வந்தால் அது ஏற்றியவருக்கு. ஆடியவர்களுக்கு அந்த ஓர் இரவுச் சம்பளம்.

பதிப்புரிமைச் சட்டம் ‘நிகழ்த்துகிறவர்’ என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில் நடிகர், பாடகர், வாத்தியக்காரர் மட்டுமல்லாமல் கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும்கூட இருக்கிறார்கள். தம் ஆட்டத்தைப் பதிவு செய்ய அவர்கள் சம்மதம் வேண்டும். அது வியாபாரமானால் அவர்களுக்குப் பங்கு உண்டு. அந்த உரிமை ஐம்பது வருஷம் நிலைக்கும். போன திருவிழா முடிந்த காலையில் இதை ஒரு கூத்து வாத்தியாரிடம் சொன்னேன். கையிலிருந்த பணத்தை எண்ணுவதை நிறுத்தி, “பாம்பாட்டி பேருகூட இருக்குதா சாமி?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அடுத்த பங்குனிக்கு அவருடைய ஜமாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுக்கும்போது, படம் பிடிப்பதால் வரும் வருமானத்தில் பாதி ஆடுகிறவர்களுக்கு என்ற ஒரு வரியையும் அந்தச் சீட்டில் எழுதித் தரவேண்டுமென்று விழாக் குழுவாரைக் கேட்கப்போகிறேன்.