நெட்டைக்கு ஒரு கணக்கு, குட்டைக்கு ஒரு கணக்கு

ஹாஸ்டல் ஜிம்முக்குப் புதுசா வர்ற ஆறடிப் பையனுக்கு முதல் வாரத்துலயே ஒரு பட்டம் கிடைச்சிடும்: "பனைமரம்". அஞ்சடி நாலு அங்குல ரூம்மேட் 80 கிலோ போட்டு ஸ்குவாட் அடிக்கிறான், இவனுக்கு 60-க்கே முதுகு வளையுது. "உயரம் மட்டும்தான்டா உனக்கு"ன்னு கூட்டம் சிரிக்கும். அடுத்த மாதம் அவனை ஜிம் பக்கம் பார்க்க முடியாது. சிரிச்சவங்க எல்லாரும் மெக்கானிக்ஸ் பேப்பர் பாஸ் பண்ணவங்க என்பதுதான் என் ஆதங்கம்.

கணக்கைப் போட்டுப் பாருங்க. ரெண்டு பேருக்கும் 80 கிலோதான். ஒருத்தன் பாரை 50 செ.மீ. தூக்குறான், நெட்டையன் 65 செ.மீ. தூக்குறான்னு வைங்க. ஒரு ரெப்புக்கு முதலாமவன் செய்யற வேலை சுமார் 390 ஜூல், இவன் செய்யறது 510. சொந்த உடம்பைத் தூக்குற வேலை தனி. அதைவிடப் பெரிய விஷயம் டார்க். தொடை எலும்பு நீளமா இருந்தா, உட்காரும்போது இடுப்பு ரொம்பப் பின்னால போகும். பேலன்ஸுக்காக உடம்பு முன்னால சாயும். அது சோம்பேறித்தனம் இல்லீங்க, நெம்புகோல்! அவனைப் போய் "முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது"ன்னு அதட்டினா இன்னும்தான் சாய்வான். குதிகாலுக்கு அடியில ரெண்டு சின்ன ப்ளேட் வெச்சுப் பாருங்க, கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவான். பளுதூக்கும் ஷூவில் குதிகால் உயரமா இருக்கிறதும் இதுக்குத்தான்.

அதே ஆளு டெட்லிஃப்ட்டுக்கு வந்தா கதை மாறலாம். கை நீளமா இருந்தா பார் நகர வேண்டிய தூரம் குறையும். அமெரிக்காவின் லாமர் கான்ட் 60 கிலோ பிரிவில், 1985-ல், 300 கிலோ டெட்லிஃப்ட் பண்ணார். உடல் எடையைப் போல அஞ்சு மடங்கு! முதுகெலும்பு வளைந்தவர், கைகளோ ரொம்ப நீளம். அதே நீளக் கை பெஞ்ச் பிரஸ்ல பாரை அதிக தூரம் தள்ள வைக்கும்.

பளுதூக்கும் விளையாட்டுக்கு இதெல்லாம் தெரியும். சுமார் 150 செ.மீ. உயரமுள்ள மீராபாய் சானு, டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். 197 செ.மீ. உயரமுள்ள ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 2021-ல் மொத்தம் 492 கிலோ தூக்கினார். நம்ம புதுக்கோட்டை மாவட்டத்து அனுராதா, போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர், 2019-ல் சமோவாவில் நடந்த காமன்வெல்த் சாம்பியன்ஷிப்பில் 87 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். இவங்க மூணு பேரையும் ஒரே போர்டில் எழுதி வரிசைப்படுத்த யாருக்கும் தோணாது. நம்ம ஜிம் போர்டில் மட்டும் 52 கிலோ பையனும் 90 கிலோ பையனும் ஒரே லிஸ்ட்!

இன்னொண்ணு. தசைக்கு ப்ளேட்டில் இருக்கிற நம்பர் தெரியாது. இழுவிசையும், களைப்பு வரைக்கும் போனதும்தான் தெரியும். நெட்டையனோட 60 அவனுக்கு அவ்வளவு வேலை கொடுத்தா, அதுலயே தசை வளரும். ஆனா அந்தத் தசை நீளமான எலும்பு மேல பரவுறதால சட்டைக்குள்ள தெரிய நாளாகும். மூணு மாசத்துல கண்ணாடியைப் பார்த்துட்டு "நமக்கு இது செட் ஆகாது"ன்னு முடிவு கட்டாதீங்க. மெஸ்ஸில் ஒரு முட்டை கூடுதலா கேளுங்க.

போர்டு வேணும்னா இருக்கட்டும். பேருக்கு நேரா ரெண்டு நம்பர் எழுதுவோம்: சேர்ந்த மாதம் தூக்கினது, இந்த மாதம் தூக்கினது. அடுத்தவன் வரியைப் பார்த்துச் சிரிக்க அதுல இடமே இருக்காது.