கடைசிப் பந்தி

பெயர் மாற்ற அறிவிப்புக்கும் நகை ஏலத்துக்கும் நடுவில், எறும்பு ஊர்வது மாதிரி எழுத்தில் பேப்பரில் ஒரு கட்டம் வரும். 'இன்ன கம்பெனி திவால் நடவடிக்கையில் இருக்கிறது. பணம் வரவேண்டியவர்கள் இன்ன தேதிக்குள் க்ளெய்ம் தரவும்.' நாம் அதைத் தாண்டி கிரிக்கெட் ஸ்கோருக்குப் போய்விடுவோம். கல்யாணப் பத்திரிகை மாதிரி இதை யாரும் வீடு தேடி வந்து தாம்பாளத்தில் வைத்துத் தரமாட்டார்கள்.

நண்பன் ஒருவனின் கம்பெனிக்கு (பெயர் வேண்டாம், பாவம், அதுவே படுத்த படுக்கை) இப்படி ஒரு கட்டம் வந்தது. ஐந்து மாதச் சம்பளம் பாக்கி.

"க்ளெய்ம் போட்டியாடா?"

"நான் வேலை பார்த்தது அவங்க ரிஜிஸ்டர்லயே இருக்கே. நான் எதுக்கு எழுதிக் குடுக்கணும்?"

நியாயமான கேள்விதான். இதே ரகக் கேள்வியை ஆர்.பி.எஸ். இன்ஃப்ராஸ்ட்ரக்சர் என்ற கம்பெனி சுப்ரீம் கோர்ட் வரை கொண்டு போனது. 287 நாள் தாமதமாக க்ளெய்ம் போட்டுவிட்டு, 'எங்களுக்குத் தரவேண்டியது அவர்கள் கணக்கிலேயே இருந்திருக்குமே' என்றது. அதற்குள் கடன் கொடுத்தவர்களின் கமிட்டி மீட்புத் திட்டத்துக்கு ஓட்டுப் போட்டு முடித்திருந்தது. 2023-ல் கோர்ட் கையை விரித்துவிட்டது. ஒவ்வொரு லேட் ஆசாமிக்காகவும் திட்டத்தைத் திருப்பித் திருப்பி எழுதினால் அது என்றைக்கு முடியும்?

2016 திவால் சட்டத்தில் இரண்டு கட்டம். முதலில் ஐ.சி.யூ. யாராவது கம்பெனியை வாங்கிப் பிழைக்க வைப்பார்களா என்று பார்ப்பது. அப்போது க்ளெய்முக்கு 14 நாள். தவறினால் 90 நாள் வரை வாசல் திறந்திருக்கும் என்று 2018-ல் வைத்தார்கள். 2023-ல் இன்னும் கொஞ்சம் இளக்கினார்கள். ஆனால் தாமதத்துக்குக் காரணம் சொல்லவேண்டும். வாங்குகிறவருக்கு என்.சி.எல்.டி. பச்சைக்கொடி காட்டிவிட்டால், திட்டத்தில் இல்லாத பாக்கி எல்லாம் ஸ்வாஹா. அரசாங்கத்தின் வரி பாக்கிக்கும் அதே கதிதான் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

பிழைக்காவிட்டால் கருமாதி, அதாவது லிக்விடேஷன். இதற்குத் தனி நோட்டீஸ், 30 நாள் கெடு. ஐ.சி.யூ.வில் க்ளெய்ம் கொடுத்துவிட்டு இங்கே மறந்தவர்களை விட்டுவிடக் கூடாது, பழைய க்ளெய்மையே சரிபார்க்கவேண்டும் என்று 2022-ல் ஒரு கருணைத் திருத்தம் வந்தது.

பி.காமில் லிக்விடேட்டர் கணக்குப் போட்டபோது இதெல்லாம் தெரியாது. பாடப்புத்தகத்தில் எல்லாக் கடன்காரர்களும் கரெக்ட் டயத்துக்கு வந்து நிற்பார்கள்.

பழைய 1956 கம்பெனிச் சட்டத்தில் லேட் ஆசாமிக்கு ஒரு கல்யாண வீட்டு நியாயம் இருந்தது. முதல் பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர் இலையில் நீங்கள் கைவைக்க முடியாது. ஆனால் கடனை நிரூபித்துவிட்டால், அடுத்த பந்திக்கு முன்னால், கையிருப்பு இருக்கிற அளவுக்கு, விட்டுப்போனதை உங்களுக்குப் பரிமாறிவிடுவார்கள்.

லிக்விடேஷனில் யார் முதலில் உட்காருவது என்பதற்கும் வரிசை உண்டு. முதலில் நடவடிக்கைச் செலவு. அடுத்து தொழிலாளர்களின் 24 மாத பாக்கியும், ஜாமீனை ஒப்படைத்த பேங்க்குகளும் ஒரே வரிசையில். அதற்கடுத்து நம் நண்பனைப் போன்ற ஊழியர்கள், 12 மாத பாக்கிக்கு. சப்ளையர்கள் இன்னும் கீழே. ஷேர் வைத்திருப்பவர்கள் பந்தல் பிரிக்கும்போது வரவேண்டியதுதான். பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிப் பணம் மட்டும் இந்தச் சமையலிலேயே சேராது.

நண்பனைத் தள்ளிக்கொண்டு போய் 80-வது நாள் க்ளெய்ம் போட வைத்தேன். வக்கீல் தேவைப்படவில்லை. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பள ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், ஒரு ஃபாரம், ஒரு ஈமெயில். அவ்வளவுதான்.

"பணம் வந்துருமாடா?" என்றான்.

"இலை போட்டாச்சு. பாயசம் வருமான்னு சமையக்காரருக்கே தெரியாது."