பூட்டிய கோப்புறையும் புதிய மடிக்கணினியும்



நமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்றில் சென்ற மாதம் பெருங்கலக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் இல்லம் அது. அயல்நாட்டில் பணிபுரியும் மூத்த மகன், புறப்படுமுன் பழைய மேசைக் கணினி ஒன்றில் லினக்ஸை ஏற்றி, அதனை வீட்டுச் சர்வராக்கிக் கூடத்தின் மூலையில் வைத்துச் சென்றிருந்தார். அதில் இரண்டு பொதுக் கோப்புறைகள். ஒன்றில் இருபது ஆண்டுக் குடும்பப் படங்கள்; மற்றொன்றில் வீட்டுப் பத்திரம், மருத்துவ அறிக்கை, வங்கித் தாள் ஆகியவற்றின் படிகள். பாட்டியாரின் முதலாண்டு நினைவு நாளுக்குப் படம் ஒன்றைத் தேடியபோதுதான் வந்தது வினை. மகள் புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 மடிக்கணினியைக் கொண்டு கோப்புறையைத் திறக்க முயன்றார். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தருக என்றது அது.

"இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் கேட்டதில்லையே!" என்றார் தாயார். பழைய மடிக்கணினியோ பழுதாகி மூலையில் கிடந்தது. அண்ணனைத் தொலைபேசியில் பிடித்தால், அவருக்கும் நினைவில்லை. இளைய மகன் பொறுமை இழந்து, சர்வரை முழுவதும் அழித்துப் புதிதாக அமைத்துவிடலாம் என்று துணிந்துவிட்டார். நாம் அவ்வேளையில் அங்கிருக்க நேர்ந்தது நல்லதாயிற்று. கணினியில் நாம் வல்லுநர் அல்லோம்; எனினும் பங்கு அலுவலக இயந்திரத்தோடு பல ஆண்டுகள் மல்லாடிய பழக்கம் நமக்கு உண்டு.

முதலில் அழிக்கும் வேலையை நிறுத்தச் செய்தோம். இத்தகைய கடவுச்சொல் காப்பது வழியை, பொருளை அன்று. வட்டு மறையாக்கம் செய்யப்படாதிருப்பின், சொல் மறந்தாலும் படங்கள் வட்டில் அவ்வாறே இருக்கும். சர்வரின் நிருவாகக் கணக்கில் நுழையக்கூடியவர் புதிய கடவுச்சொல்லை இட்டுத் தரலாம். கோப்புகளில் ஒன்றும் குறையாது. அதுவும் கைகூடாவிடின், வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பூட்டிப் படித்துவிடலாம். மறையாக்கம் செய்த வட்டாயின் கதை வேறு. அங்கே திறவுகோல் போனால் பொருளும் போயிற்று.

அடுத்து, இயந்திரம் என்ன சொல்கிறது என்று எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னோம். "திறக்கவில்லை" என்று ஒரே சொல்லில் நாம் கூறுவதில் மூவகைப் பிணிகள் அடங்கியுள்ளன. பாதை காணப்படவில்லை என்றால், சர்வரின் வாசலையே அடையவில்லை என்பது பொருள். பெயர் அல்லது கடவுச்சொல் தவறு என்றால், வாசலை அடைந்தோம், நம்மை யாரென்று அறியவில்லை. அனுமதி இல்லை என்றால், நம்மை அறிந்துகொண்டது, ஆயினும் அந்த அறைக்குள் விட மறுக்கிறது. முதலாவதற்குக் கடவுச்சொல்லை நூறு முறை தட்டியும் பயனில்லை. சர்வரின் பெயருக்குப் பதிலாக 192.168 என்று தொடங்கும் அதன் எண் முகவரியை இட்டுப் பார்க்க வேண்டும். எண்ணுக்குத் திறந்து பெயருக்குத் திறக்காவிடில் குறை பெயரில்தான். ரவுட்டரில் விருந்தினருக்கென உள்ள தனி வைஃபையில் மடிக்கணினி இணைந்திருந்தாலும் பெரும்பாலும் சர்வர் கண்ணில் படாது.

நிற்க. அவ்வில்லத்துப் பிணி இரண்டாம் வகையைச் சார்ந்தது. விண்டோஸ் கணினிக்கு ஒரு வழக்கம் உண்டு. பொதுக் கோப்புறையை நாடும்போது, நாம் அதனுள் நுழையப் பயன்படுத்திய பெயரையும் கடவுச்சொல்லையுமே முதலில் சர்வரிடம் நீட்டிப் பார்க்கும். அவை சர்வரில் உள்ளவற்றோடு ஒத்திருந்தால் நம்மை ஒன்றும் கேளாமல் கதவு திறந்துவிடும். மூத்தவர் பழைய மடிக்கணினியின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே சர்வரிலும் பதிந்து வைத்திருந்தார். ஆகவே பூட்டு இருந்ததையே வீட்டார் அறியவில்லை! புதிய மடிக்கணினி மைக்ரோசாப்ட் கணக்கின் பெயரை நீட்டியது. சர்வர் அறியாத பெயர் அது. மகளோ தம் நான்கு இலக்கப் பின் எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்த எண் அந்த ஒரு கணினிக்கே உரியது. சர்வர் அதனை ஏற்காது.

"பழைய மடிக்கணினியில் எந்தப் பெயரில், என்ன கடவுச்சொல் இட்டு நுழைவாய், அம்மா?" என்று கேட்டோம். சற்று நினைத்து இரண்டையும் தட்டினார். கோப்புறை திறந்தது.

எல்லா வீடுகளிலும் இவ்வளவு எளிதாக முடிவதில்லை. சர்வரில் கடவுச்சொல்லை மாற்றிய பின்னரும், விண்டோஸ் தன் கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்த பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும். அப்பதிவை நீக்க வேண்டும். ஒரே சர்வரோடு ஒரே நேரத்தில் இருவேறு பெயர்களில் இணையவும் விண்டோஸ் இடங்கொடாது. கணினியை அணைத்துத் தொடங்கிச் சரியான பெயரால் மட்டும் இணைதல் நன்று. லினக்ஸ் சர்வரில் இப்பகிர்வை நடத்துவது சம்பா என்னும் மென்பொருள். ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991-92இல் எழுதத் தொடங்கியது அது. சம்பா தன் கடவுச்சொல் பட்டியலைத் தனியே வைத்திருப்பதால், லினக்ஸ் கணக்கின் சொல்லை மாற்றினால் மட்டும் பொதுவாகப் போதாது என்பதைப் பலர் அறியார்.

கோப்புறை திறந்த பின்னும் ஒரு சிக்கல் எஞ்சியது. மூத்தவர் விடுமுறையில் வந்தபோது தம் பெயரில் உருவாக்கிய உட்கோப்புறையில் தங்கையால் படம் பார்க்க முடிந்ததே தவிர, ஒன்றும் சேர்க்க முடியவில்லை. இது மூன்றாம் வகை. சம்பாவின் விதியும் லினக்ஸின் கோப்பு அனுமதியும் இசைந்தாலன்றி எழுத இயலாது. "எல்லாருக்கும் முழு உரிமை என்று போட்டுவிடுகிறேன்" என்று இளையவர் விரைந்தார். நாம் உடன்படவில்லை. பத்திரமும் மருத்துவ அறிக்கையும் அதே இயந்திரத்தில் அல்லவா உள்ளன? வீட்டாரை ஒரு குழுவாக்கிப் படக் கோப்புறையில் மட்டும் அக்குழுவுக்கு எழுதும் உரிமை அளித்தால் போதும்.

எஸ்எம்பி 1 என்னும் பழைய முறையை மீண்டும் இயக்கினால் எல்லாம் திறக்கும் என்று சொல்வோரும் உளர். 2017 மே மாதத்தில் பிரித்தானிய மருத்துவமனைகள் வரை முடக்கிய வான்னகிரை, அம்முறையின் ஓட்டை வழியாகவே பரவியது. அவ்வாண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பைப் புதிதாக நிறுவினால், அம்முறை தானாக இடம்பெறாது. அணைத்து வைத்ததை நாமே ஏற்றலாமா?

அன்று மாலை மூத்தவர் அயல்நாட்டிலிருந்து சர்வருள் நுழைந்து, தாயார், தங்கை, தம்பி மூவருக்கும் தனித்தனிப் பெயர் அமைத்துத் தந்தார். தாயார் தம் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, பத்திரங்கள் உள்ள இரும்புப் பெட்டியில் வைத்தார். தாளில் எழுதலாகாது என்பர் சிலர். பெட்டிக்குச் சாவி இருக்கையில் நாம் அதனைத் தடுக்கவில்லை. படங்களுக்கு மற்றொரு வட்டில் படி எடுக்கும் வேலை இளையவருக்கு விதிக்கப்பட்டது.

இத்தகைய இடர் குறித்து நமக்கு எழுதும் அன்பர்கள், கடவுச்சொல்லை எழுத வேண்டா. இயந்திரம் காட்டும் செய்தியை ஓரெழுத்தும் பிசகாமல் படியெடுத்து அனுப்புக.